சனிக்கிழமை கரண்ட் இருந்தது

கல்லூரி லேபில் இருக்கும் பழைய சர்வரைக் கழற்றப் போகிறார்களாம். இப்போது லேபைப் பார்த்துக்கொள்கிற சரவணன் போன் செய்தான். "அண்ணே, பத்து வருசம் அதுகூடயே கெடந்தீக. கழட்டுறன்னிக்கு வந்து எங்ககிட்ட நாலு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றான். நான் ஓய்வுபெற்று ஏழு மாதமாகிறது. அந்த இரும்புப் பெட்டியின் இரைச்சல் இல்லாமல் காது நன்றாகத்தான் இருக்கிறது.

நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன், சரவணனே படித்துக் காட்டட்டும். பாராட்டுரை கேட்க வந்தவர்கள் இப்போதே டீ குடிக்கப் போய்விடலாம். இது நான் செய்த ஒரு பிழையைப் பற்றியது. அந்தப் பிழையைவிடப் பெரிதாக நான் சொன்ன ஒரு வார்த்தையையும் பற்றியது.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. தேனிப் பக்கம் ஒரு நூற்பாலையில் இருபத்திரண்டு வருடம் எலக்ட்ரீஷியன். அங்கே ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன் உண்டு. அதில் எண் இருக்கும், பெயர் இருக்காது. சம்பளம், லீவு, அலமாரி எல்லாம் அந்த எண்ணின்மேல்தான். ஒரு ஆள் வேலையை விட்டு நின்றால் அவன் டோக்கன் அடுத்து வருகிறவனுக்குப் போகும். காலி எண் இருக்கும்போது புது எண் போடுவது அங்கே வீண் செலவு. என் எண் 114. எனக்கு முன் அதை வைத்திருந்தவர் யாரென்று நான் கேட்டதே இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

தொண்ணூற்றாறில் மில்லை மூடினார்கள். நாற்பத்துநாலு வயதில் சட்டைப் பையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு வேலை தேடி அலைந்தேன். கம்பம் ரோட்டில் இருந்த இந்தக் கல்லூரியில் ஒயரிங் பார்க்க எடுத்தார்கள். கம்ப்யூட்டர் லேபுக்கு ஒயர் இழுத்தேன். இழுத்தவன் அங்கேயே நின்றுவிட்டேன். மதுரையில் ஐந்து நாள் பயிற்சி, பிறகு ஒரு தடித்த புத்தகம், அவ்வளவுதான் என் படிப்பு. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். மிஷின்களை ஓட்ட லினக்ஸ் போட ஆரம்பித்ததும் எனக்கு ஒரு சௌகரியம், எனக்குத் தெரியாதது அங்கே மற்றவர்களுக்கும் தெரியாது.

துறைத் தலைவர் சந்திரசேகரன் சார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், மதுரைக்காரர். என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். குரல் உயர்த்தி ஒரு நாளும் பேசியதில்லை. லேபுக்குள் வந்தால் நாற்காலியில் உட்கார மாட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி நிற்பார். பிழை செய்தவன் முகத்தைப் பார்க்க மாட்டார். திட்டு வாங்கினால்கூடத் தேவலை என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

லேபுக்கு ஒரு பழுதுப் பதிவேடு வைத்தார். அதில் ஐந்து பத்தி. தேதி, மிஷின், பழுது, காரணம், செய்த வேலை. நாங்கள் பென்சிலில்தான் எழுத வேண்டும். சாயங்காலம் அவர் வாசித்து, வேண்டியதைக் கேட்டு, திருத்தி, அதன்மேலேயே மையால் எழுதிக் கையெழுத்துப் போடுவார். காரணம் என்ற பத்தி காலியாக இருந்தால் நோட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். "காரணம் எழுதாத பழுது திரும்ப வரும்ணே" என்பார். அந்தப் பேச்சுக்காகவே எனக்கு அவரைப் பிடித்தது.

அப்போது லேபில் முப்பது மிஷின். ஒவ்வொரு பிள்ளையின் கோப்பும் அவன் வழக்கமாக உட்காரும் மிஷினுக்குள் இருந்தது. ஏழாம் மிஷினில் ஒருத்தன் உட்கார்ந்திருந்தால் அதில் கோப்பு வைத்திருக்கும் இன்னொருத்தன் பின்னாலேயே நிற்பான். "ஏலே, எந்திரிடா, என் புரோகிராம் இதுலதாண்டா இருக்கு" என்று தினமும் ஒரு சண்டை. ஒரு மிஷின் படுத்தால் அதில் இருந்த ஆறு பேர் வேலையும் போச்சு.

இதற்குத்தான் சார் ஒரு நாள் பத்துப் பக்கம் அச்சடித்துக் கொண்டுவந்தார். எல்லாருடைய ஹோம் டைரக்டரியையும், அதாவது அவரவர் கோப்பு இருக்கும் இடத்தை, சர்வர் ஒன்றிலேயே வைத்து, நெட்வொர்க் வழியாக முப்பது மிஷினுக்கும் பகிர்ந்து கொடுப்பது. பிள்ளை எந்த மிஷினில் உட்கார்ந்து பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தாலும் அவன் கோப்பெல்லாம் அங்கே வந்து நிற்கும். கோப்பு எங்கும் போகவில்லை, சர்வரில்தான் இருக்கிறது, மிஷின் அதை எட்டிப் பார்க்கிறது. மூன்று வாரம் மல்லுக்கட்டினோம். மூன்றாம் மிஷினில் ஒரு வரி எழுதிவிட்டுப் பத்தொன்பதாம் மிஷினில் போய்த் திறந்தேன். எழுதிய வரி அங்கே இருந்தது. சார் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதற்கென்று ஒரு முறை உண்டு. காலையில் முதலில் சர்வர். அது முழுதாக எழுந்து, பகிர்வு ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்ற மிஷின்கள். அவசரப்பட்டு முன்பின்னாகப் போட்டால் முப்பதும், சர்வர் பதில் சொல்லவில்லை, இன்னும் முயல்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரியைக் காட்டிவிட்டு அப்படியே நிற்கும். சாயங்காலம் அணைக்கும்போது தலைகீழாக, சர்வர் கடைசி. சர்வருக்குள் ஹார்ட் டிஸ்க் என்கிற வட்டு இரண்டு. சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு முதல் வட்டில் இருப்பதை இரண்டாம் வட்டுக்குத் தானாகவே நகல் எடுக்கும். இடம் மிச்சப்படட்டும் என்று, முதல் வட்டில் இல்லாததை இரண்டாம் வட்டிலும் அழித்துவிடும்படி அந்தக் கட்டளையில் நான் ஒரு சொல் சேர்த்திருந்தேன். நல்ல புத்திசாலித்தனம் என்று அப்போது நினைத்தேன்.

லினக்ஸுக்கு ஆளின் பெயர் தெரியாது. ஒவ்வொரு கோப்பின்மேலும் சொந்தக்காரனின் எண்தான் இருக்கும். எந்த எண் யாருடையது என்று பட்டியல் ஒன்று ஒவ்வொரு மிஷினிலும் தனியாக இருக்கும், அதைப் பார்த்துத்தான் திரையில் பெயர் காட்டும். அட, நம்ம டோக்கன் கதைதானே என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஒருமுறை பதினேழாம் மிஷினில் புதுப் பட்டியலை ஏற்ற மறந்துவிட்டேன். அங்கே உட்கார்ந்த பையனுக்கு அவன் கோப்பே திறக்கவில்லை. பதிவேட்டில் காரணத்தில், 'பட்டியல் ஏற்றவில்லை, என் மறதி' என்று பென்சிலில் எழுதினேன். சார் வாசித்தார். 'என் மறதி' என்பதையும் விடாமல் அப்படியே மையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படிப்பட்ட ஆளிடம் வேலை பார்ப்பது பாக்கியம் என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

இனி நாகஜோதி.

அனுமந்தன்பட்டிப் பிள்ளை. டிப்ளமோ முடித்துவிட்டு நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாள். அப்பா அழகர்சாமிக்கு எங்கள் கல்லூரி மதிலுக்குப் பின்னால் திராட்சைத் தோட்டம். கல்லூரிக்கும் அந்தத் தோட்டத்து மோட்டாருக்கும் ஒரே மின் லைன். சேர்க்கையின் கடைசி நாளில் அவள் வந்தாள். அந்த வகுப்புக்கு ஒதுக்கிய எண்கள் எல்லாம் தீர்ந்திருந்தன. ஒரு பையன் முதல் வருடமே படிப்பை விட்டுப் போயிருந்தான், அவனுடைய 247 காலியாக இருந்தது. மில் புத்தி போகுமா? 247-ஐ அவளுக்குக் கொடுத்தேன். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டு மேலே அவள் பெயரை எழுதினேன். அந்தப் பையனின் பழைய கோப்புகளை அப்போதே எடுத்துப் போட்டிருக்க வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

பிள்ளை அதிகம் பேசாது. கடைசி வருடம் அவள் எடுத்த புராஜெக்ட், திராட்சைக்கு மருந்தடிக்கும் நாளைக் கணக்கிட்டுச் சொல்லும் புரோகிராம். அழகர்சாமிக்கு ஒரு பழக்கம். நாள்காட்டித் தாளைக் கிழித்ததும் எறிய மாட்டார். அன்றைக்கு மழையா வெயிலா, என்ன மருந்து, மோட்டார் எத்தனை மணி ஓடியது என்று பின்பக்கத்தில் எழுதிக் கொக்கிக் கம்பியில் குத்திவைப்பார். பத்து வருடத் தாள் கம்பி கம்பியாகத் தொங்கியதாம். அத்தனையையும் அவள் பையில் கொண்டுவந்து, மூன்று மாதம் உட்கார்ந்து அடித்து ஏற்றினாள். அதன்மேல்தான் புரோகிராம்.

"சார், பிளாப்பில ஒரு காப்பி எடுத்துக்கிடவா?" என்று ஒரு நாள் கேட்டாள். வைரஸ் வருகிறதென்று லேபில் பிளாப்பியைத் தடை செய்திருந்தோம். "என்னத்துக்கு? எந்த மிஷின்ல உக்காந்தாலும் உன் கோப்பு வருதுல்ல. சர்வர்ல ரெண்டு வட்டு இருக்கு ஆத்தா. நான் இருக்கேன்ல" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

அந்த வருடம் பெங்களூர் கம்பெனி ஒன்று எங்கள் கல்லூரியிலிருந்து நான்கு பேரை எடுத்தது. அதில் அவளும் ஒருத்தி. நிபந்தனை ஒன்றே ஒன்று. அந்த செமஸ்டரிலேயே எல்லாவற்றையும் முடித்திருக்க வேண்டும். அழகர்சாமி கல்லூரி வாட்ச்மேனுக்குக்கூட ஒரு கூடை திராட்சை கொண்டுவந்து கொடுத்தார்.

புராஜெக்ட் ஒப்படைக்கப் பத்து நாள் இருந்தபோது சர்வரில் இடம் தீர்ந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருத்தர் வேலையும் சேமிக்க முடியவில்லை. சனிக்கிழமை பிள்ளைகளுக்கு லீவு. காலை பத்து மணிக்கு நான் சர்வர் முன்னால் உட்கார்ந்தேன். சார் பின்னால் கைகட்டி நின்றார். மேசை டிராயரில் ஒரு பழைய தாள் வைத்திருந்தேன், படிப்பை விட்டுப் போனவர்களின் எண்கள், மொத்தம் பதினொன்று. பட்டியலிலிருந்து அவர்கள் பெயரை எப்போதோ நீக்கியாகிவிட்டது, அதனால் பெயரை வைத்துத் தேட முடியாது. எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும். இந்த எண்ணுக்குரிய கோப்பு எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து அழி என்று ஒரு வரி. பதினொரு முறை அடித்தேன். 247 ஆறாவதோ ஏழாவதோ.

அடிக்குமுன் அந்த எண்ணில் இப்போது யார் என்று ஒரு பார்வை பார்த்திருக்கலாம். மூன்றடி தள்ளிச் சுவரில்தான் பட்டியல், அதில் என் கையெழுத்தில்தான் அவள் பெயர். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வட்டில் நிறைய இடம் கிடைத்தது. "நல்ல வேலைண்ணே" என்று சொல்லிவிட்டு சார் போனார். ஒரு மணிக்கு வழக்கம்போல நகல் ஓடியது. முதல் வட்டில் இல்லாததையெல்லாம் இரண்டாம் வட்டிலும் ஒழுங்காக அழித்தது.

திங்கட்கிழமை முதல் மணியில் நாகஜோதி என் மேசைக்கு வந்தாள். "சார், என் ஹோம்ல ஒண்ணுமே இல்ல சார்." வேறு யாருடைய பெயரையாவது அடித்திருப்பாள் என்று எழுந்து போனேன். ஒன்பதாம் மிஷின். டைரக்டரிகள் எல்லாம் இருந்தன, உள்ளே ஒரு கோப்பு இல்லை. நிமிர்ந்து சுவர்ப் பட்டியலைப் பார்த்தேன். 247.  "இரு ஆத்தா, பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு இரண்டாம் வட்டைத் திறந்தேன். அங்கேயும் காலி. பொங்கலுக்கு முன் எழுதிவைத்த சிடியில் அவளுடைய இரண்டாம், மூன்றாம் வருடப் பயிற்சிக் கோப்புகள் மட்டும் இருந்தன. அவள் அழவில்லை. "எப்பிடி சார் போகும்? ரெண்டு வட்டு இருக்குன்னு சொன்னீகள்ல" என்று மட்டும் கேட்டாள். 

மத்தியானம் பதிவேட்டை எடுத்தேன். காரணம்: '247-ஐ இரு மாணவருக்குக் கொடுத்தது என் தவறு. பெயர் பார்க்காமல் அழித்ததும் என் தவறு.' பென்சிலில் எழுதி, சார் அறைக்கு எடுத்துப்போனேன். எனக்குப் பயம்தான், ஆனால் பாதி நிம்மதியும் இருந்தது. அவரைப் பற்றி எனக்குத் தெரியுமே. ஊழியர் தவறு என்று பதிவேட்டில் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு எழுதி அந்தப் பிள்ளைக்கு ஒரு மாதம் கூடுதலாக வாங்கலாம், அவருக்கு அந்த அதிகாரம் உண்டு. ஒரு மாதம் போதும், அவள் எழுந்துவிடுவாள்.

சார் வாசித்தார். வெகுநேரம் வாசித்தார், இரண்டே வரிதான் இருந்தது. பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"வியாழக்கிழமை ஆய்வுக் குழு வருதுண்ணே. இந்த ரிஜிஸ்டரைத்தான் முதல்ல கேப்பாக."

"சரிங்க சார்."

"மேனேஜ்மெண்ட் காதுல விழுந்தா அன்னிக்கே உங்கள அனுப்பிருவாக. இன்னும் நாலு வருசம் சர்வீஸ் இருக்கு உங்களுக்கு. உங்க பின்னாடி நின்னது நான். என்னையும் கேப்பாக."

"பிள்ளைக்கு பெங்களூர்ல வேலை கெடைச்சிருக்கு சார். இந்த செமஸ்டர்லயே முடிக்கணும்னு..."

"யோசிச்சேன். ஆறு மாசம்தானண்ணே. நவம்பர்ல எழுதிருவா. படிக்கிற பிள்ளை."

மேசையில் அழிரப்பரை எடுத்து அவரே அழித்தார். தூளை ஊதிவிட்டு, கர்ச்சீப்பால் துடைத்தார். பென்சில் எழுத்து எதுவும் இல்லாமல் நேரடியாக மையால் அவர் எழுதி நான் பார்த்தது அன்று மட்டும்தான். 'காரணம்: மாணவி வெள்ளிக்கிழமை லாக் அவுட் செய்யாமல் சென்றதால் இணைப்பு திறந்திருந்தது. சனிக்கிழமை காலை 10.30 முதல் 1 வரை மின்தடை. கோப்புகள் சேதம்.' லாக் அவுட் செய்யாமல் போனால் இழப்புக்கு மாணவரே பொறுப்பு என்று லேப் வாசலில் போர்டு தொங்கியது. அதையும் நான்தான் எழுதி மாட்டியிருந்தேன்.

சர்வருக்கு யு.பி.எஸ். உண்டு. அரைநாள் கரண்ட் போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் யாரும் கேட்கவில்லை. நான் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். என் வீட்டில் மகள் கல்யாணத்துக்கு நின்றாள், மில் மூடிய அன்று தெருவில் நின்ற ஞாபகம் இருந்தது. இதெல்லாம் காரணம் என்றுதான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம், அவ்வளவுதான். பயந்தாங்கொள்ளியாக நின்றேன்.

புதன்கிழமை அழகர்சாமி வந்தார். லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கையில் நாலாக மடித்த சின்னத் தாள் ஒன்று. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், நான் ஜோதியோட அப்பா."

"தெரியும்ங்க."

"ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். சனிக்கிழமை கரண்ட் போச்சுங்களா சார்?"

அவர் அதைச் சண்டையாகக் கேட்கவில்லை. டாக்டரிடம் கேட்பது போலக் கேட்டார். அந்த ஒரு நொடியில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சார் பக்கத்தில் இல்லை, லேபில் நானும் அவரும் மட்டும்தான்.

"போச்சுங்க" என்றேன்.

"எத்தன மணிக்கு?"

"பத்தரைக்கு. ஒரு மணிக்குத்தான் வந்துச்சு."

தலையை மெதுவாக ஆட்டினார். "நீங்க மில்லுல எலட்ரீசியனா இருந்தவுகன்னு ஜோதி சொல்லும். ஒங்களுக்குத் தெரியாததா" என்று அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். வெளியே செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. அந்தத் தாள் என்னவென்று எனக்கு அன்று தெரியாது.

நாகஜோதி அந்த செமஸ்டரில் புராஜெக்ட் ஒப்படைக்கவில்லை. நவம்பரில் ஒப்படைத்துத் தேறினாள், நல்ல மார்க். கம்பெனி அதற்குள் வேறு ஆளை எடுத்துக்கொண்டது. பிறகு தேனியில் ஒரு காய்கறி மண்டியில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். சந்திரசேகரன் சார் அடுத்த வருடமே வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். போகிற அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "பார்த்துக்கங்கண்ணே" என்றார். எதை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவரை இன்னும் என்னால் முழுதாக வெறுக்க முடியவில்லை. அதுவே எனக்கு எரிச்சல்.

அதன்பிறகு ஒருத்தருடைய எண்ணை இன்னொருத்தருக்கு நான் கொடுத்ததே இல்லை. 247-ஐ யாருக்கும் கொடுக்கவில்லை. அழிக்குமுன் பெயர் பார்த்தேன், நகலில் அந்த அழிக்கிற சொல்லை நீக்கினேன். பதிவேட்டில் இந்தத் திருத்தங்களுக்குக் காரணம் எழுத இடம் இருந்தது, 'முன்னெச்சரிக்கை' என்று எழுதினேன். சரவணா, 247 ஏன் காலியாகக் கிடக்கிறது என்று நீ ஒருமுறை கேட்டாய், ராசி இல்லாத எண் என்று சொல்லி உன்னை அனுப்பினேன். இப்போது தெரிந்துகொள்.

ஓய்வுபெற்ற மறுவாரம் பஸ் ஏறி அனுமந்தன்பட்டிக்குப் போனேன். நாலு வருடம் வாய்க்குள் வைத்திருந்ததைத் துப்பிவிட்டு வர வேண்டும், என்னைச் செருப்பால் அடித்தாலும் சரி என்று போனேன். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். அழகர்சாமி வீட்டு வாசலில் மருந்தடிக்கும் டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க சார். ஜோதி ஆறு மணி பஸ்ஸுக்கு வந்துரும்" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். நாலு வருடத்தில் நன்றாகத் தளர்ந்திருந்தார்.

காப்பி வருமுன் சொல்லிவிட்டேன். எண்ணைக் கொடுத்தது, அழித்தது, சார் எழுதியது, நான் கையெழுத்துப் போட்டது. கடைசியாக, "அன்னிக்கு நீங்க கேட்டப்ப நான் பொய் சொன்னேன். சனிக்கிழமை கரண்ட் இருந்துச்சு. போகவே இல்ல" என்றேன்.

 அவர் எழுந்து உள்ளே போனார். எதையோ தேடி எடுக்கச் சென்றார் என்று தெரிந்தது, அரிவாள்தான் எடுக்கப் போகிறாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஒரு கொக்கிக் கம்பியோடு வந்தார். அதில் குத்தியிருந்த நாள்காட்டித் தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒரு தாளை உருவி என்னிடம் கொடுத்தார். நாலாக மடித்த தடம் அதில் இருந்தது. பின்பக்கத்தில் அவர் கையெழுத்து: 'மோட்டார் காலை 6 முதல் 12 வரை. கீழ்ப் பாத்தி முழுதும் தண்ணீர்.' அதன்மேல் குறுக்கே ஒரு கோடு. கீழே வேறு மையில், 'பத்தரைக்கு மேல் கரண்ட் இல்லை. தண்ணீர் முழுதும் பாயவில்லை.'

"அந்தச் சனிக்கெழமை நான் தேனிக்கு லோடு கொண்டு போயிட்டேன் சார். ஜோதிதான் மோட்டார் போட்டுச்சு. பன்னெண்டு மணிவரைக்கும் ஓடுச்சுப்பா, தண்ணி பாய்ச்சிட்டேன்னு அது சொல்லித்தான் எழுதி வச்சேன். ஞாயித்துக்கெழமை தூறல் போட்ருச்சு. மண்ணப் பாத்தும் தெரியல."

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லாக் அவுட் பண்ணிட்டுத்தாம்ப்பா வந்தேன், சனிக்கெழம கரண்டே போகலன்னு அது தலையில அடிச்சுக்கிட்டு அழுதுச்சு. அதான் இதை எடுத்துக்கிட்டு ஒங்ககிட்ட வந்தேன். நீங்க போச்சுன்னுட்டீக. எலட்ரீசியன் பொய் சொல்லுவாகளா? எம்மகதான் பொய் சொல்லிருக்குன்னு வந்து இதைக் கோடு கிழிச்சு அடிச்சேன். அது முன்னாடி வச்சே அடிச்சேன். தண்ணி பாய்ச்சினதும் பொய்யி, கம்ப்யூட்டர மூடினதும் பொய்யின்னு." தாளில் அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். "அந்தப் பிள்ளைய நான் பேசாத பேச்சு இல்ல சார். அன்னைலேர்ந்து எங்கிட்ட கேட்டதுக்கு மட்டுந்தான் பதில் சொல்லும்."

வேலையைக் கெடுத்தேன் என்று மட்டும்தான் நாலு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு சின்ன வார்த்தையை எடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

பஸ் வந்து நின்று போகும் சத்தம் கேட்டது. நாகஜோதி தோளில் பையோடு, சாப்பாட்டுத் தூக்குடன் வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். "வாங்க சார்" என்றாள். அப்பா கையில் கம்பி இருப்பதையும், என் கையில் தாள் இருப்பதையும் பார்த்தாள். கேட்காமலே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டியில் கால் கழுவப் போனாள்.

 அழகர்சாமி இரண்டு முறை கனைத்தார்.

"ஆத்தா, அன்னிக்கு சனிக்கெழம கரண்ட் இருந்துச்சாம்ல."

அவள் தண்ணீர் மொண்டு காலில் ஊற்றினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"நான்தான் அன்னைக்கே சொன்னேன்லப்பா."